சிதம்பரத்திலிருந்து வாஷிங்டன்: பிளஸ் 2 மாணவர்களுக்கு அமெரிக்கத் தேர்தலைச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

டிரம்ப் ஒரு கூட்டத்தில் பேசினால், கொஞ்ச நேரத்தில் தமிழ் சப்டைட்டிலோடு அது ரீல்ஸில் வந்துவிடுகிறது. கடலூரில் பிளஸ் 2 படிக்கும் மாணவருக்கு அமெரிக்க அதிபரின் முகம் தெரியும், நடனம்கூடத் தெரியும். ஆனால், ‘அதிக ஓட்டு வாங்கியவர் அங்கே தோற்க முடியுமா?’ என்ற கேள்விக்கு ரீல்ஸில் பதில் கிடைக்காது.

பாடப்புத்தகத்திலும் இடம் சுருங்கிவிட்டது. சிபிஎஸ்இ 12-ம் வகுப்பு அரசியல் அறிவியலில் உலக அரசியலில் அமெரிக்காவின் மேலாதிக்கம் பற்றி ஓர் அத்தியாயமே இருந்தது. 2022-ல் என்சிஇஆர்டி அறிவித்த பாடக் குறைப்பில் அது போய்விட்டது.

சரி, இது நமக்கு எதுக்கு?

இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 2025 ஆகஸ்ட் 27-ல் 50 சதவீதமானது. இந்திய இறாலுக்கு மிகப் பெரிய சந்தை அமெரிக்காதான். அதனால் வாஷிங்டனில் போட்ட கையெழுத்தின் பாதிப்பு பரங்கிப்பேட்டை பக்கத்து இறால் பண்ணை வரை வரும். அதே ஆண்டு செப்டம்பரில் புதிய எச்-1பி விசா மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. ஐடி வேலைக் கனவோடு இன்ஜினீயரிங் சேரப்போகும் மாணவருக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

எங்கே தொடங்குவது?

சொந்தத் தொகுதியில். 2019 மக்களவைத் தேர்தலில் சிதம்பரத்தில் திருமாவளவன் ஜெயித்தது வெறும் 3,219 ஓட்டு வித்தியாசத்தில். ஒரு ஓட்டு கூடுதலாக இருந்தாலும் தொகுதி முழுக்க ஜெயித்தவருக்கே. இது மாணவர்களுக்குத் தெரிந்த விதிதான்.

இப்போது அதையே கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். தமிழ்நாடு முழுக்க யார் ஒரு ஓட்டு அதிகமோ, அவருக்கே 39 தொகுதிகளும் என்று வைத்துக்கொண்டால்? அமெரிக்க அதிபர் தேர்தல் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர்கள் என்று ஒரு கணக்கு உண்டு. மொத்தம் 538 பேர். ஜெயிக்க 270 வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற 48 மாநிலங்களிலும் முதலில் வந்தவருக்கே அந்த மாநிலத்தின் எல்லா தேர்வாளர்களும்.

2016-ல் மிச்சிகனில் டிரம்ப் 10,704 ஓட்டுதான் கூடுதலாக வாங்கினார். அங்கிருந்த 16 தேர்வாளர்களும் அவருக்கே. நாடு முழுக்க ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டுகள் கூடுதலாக வாங்கியும் தோற்றதற்கு இந்த விதிதான் காரணம்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம், புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் என 6 சட்டமன்றத் தொகுதிகள். தேர்தல் ஆணையத்தின் படிவம் 20-ல் வாக்குச்சாவடி வாரியாக ஓட்டு விவரம் இருக்கும். 6 தொகுதிகளையும் 6 ‘மாநிலங்களாக’ வைத்து, வாக்காளர் எண்ணிக்கைக்கு ஏற்ப மதிப்பெண் கொடுத்து, 2019 முடிவை மாணவர்களே மறுபடி கணக்குப் போடலாம். மக்கள் போட்ட ஓட்டு மாறாமல், விதி மட்டும் மாறினால் முடிவு மாறுமா என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பிரசாரத்தில் என்ன வித்தியாசம்?

அங்கே வேட்பாளரையே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ‘பிரைமரி’ எனப்படும் உட்கட்சித் தேர்தல் மாநிலம் மாநிலமாக நடக்கும். இங்கே வேட்பாளர் பட்டியல் கட்சித் தலைமையிடமிருந்து வரும்.

இங்கே வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரசாரம் ஓய்ந்துவிடும். அமெரிக்காவில் ஓட்டுப் போடும் நாளிலும் பிரசாரம் உண்டு. பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளருக்கு இங்கே செலவு வரம்பு 95 லட்சம் ரூபாய். அந்த வரம்பு எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது வேறு கதை. ஆனால் அங்கே, அரசு நிதி வாங்காத வேட்பாளருக்கு அப்படி ஒரு வரம்பே இல்லை.

எல்லைக் கோட்டை யார் போடுகிறார்கள்?

தமிழ்நாட்டு மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது. அமெரிக்காவில் 2026 நவம்பர் 3 அன்று இடைக்காலத் தேர்தல். நம்ம ஊர் இடைத்தேர்தலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் அன்று தேர்தல்.

பல மாநிலங்களில் தொகுதி எல்லையை வரைவது அந்த மாநிலத்தில் பெரும்பான்மை உள்ள கட்சிதான். 2025-ல் டெக்சாஸில் குடியரசுக் கட்சி கூடுதலாக 5 இடங்களைக் குறிவைத்து வரைபடத்தை மாற்றியது. பதிலுக்கு கலிஃபோர்னியாவில் ஜனநாயகக் கட்சியும் தனக்குச் சாதகமாக ஒரு வரைபடம் கொண்டுவர, வாக்காளர்கள் அதற்கு ஒப்புதல் கொடுத்தார்கள்.

இந்தியாவில் அந்த வேலை தொகுதி மறுவரையறை ஆணையத்துக்கு. 2009 தேர்தலுக்கு முன்பு வரை விருத்தாசலமும் குறிஞ்சிப்பாடியும் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் இருந்தன. மறுவரையறையில் அவை கடலூருக்குப் போயின. அரியலூர் பக்கம் சிதம்பரத்துக்கு வந்தது. அடுத்த மறுவரையறையில் தமிழ்நாட்டின் பங்கு குறையுமா என்ற விவாதத்தைப் புரிந்துகொள்ள டெக்சாஸ் கதை நல்ல நுழைவாயில்.

வகுப்பில் சண்டை வராதா?

தேர்தலைப் பற்றிப் பேச ஆசிரியர்கள் தயங்குவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். ஒரே பெஞ்சில் இருப்பவர்களின் வீடுகளில் வேறு வேறு கொடி. சிதம்பரம் போன்ற தனித் தொகுதியில் பேச்சு சீக்கிரமே சாதியில் போய் நிற்கும். அமெரிக்க உதாரணம் உதவுவது இங்கேதான். அங்கே நம் வீட்டுக் கட்சி எதுவும் போட்டியிடவில்லை.

கறுப்பின மக்களின் ஓட்டுரிமையைக் காக்க அமெரிக்காவில் 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதன் அடிப்படையில், கறுப்பின வாக்காளர்கள் பெரும்பான்மையாக இருக்கும்படி சில தொகுதிகள் வரையப்பட்டன. ஆனால் அங்கே யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம். சிதம்பரத்தில் எல்லோரும் ஓட்டுப் போடலாம். வேட்பாளர் மட்டும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். இரண்டு நாடுகளும் ஒரே அநீதிக்கு வேறு வேறு தீர்வைத் தேடின. இதை முதலில் அலபாமாவை வைத்துப் பேசிவிட்டு சிதம்பரத்துக்கு வந்தால், ‘எங்க ஆளு, உங்க ஆளு’ என்று தொடங்காமல் ‘தனித் தொகுதி ஏன் வந்தது?’ என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

இதற்கு மேடையும் தயாராக இருக்கிறது. 9 முதல் 12-ம் வகுப்பு மாணவர்களுக்காகத் தேர்தல் ஆணையம் 2018-ல் தொடங்கிய வாக்காளர் கல்விக் குழுக்கள் உண்டு. கோலப் போட்டி, உறுதிமொழியோடு நின்றுவிடாமல் மேலே சொன்ன 6 ‘மாநில’க் கணக்கையும் அங்கே போட்டுப் பார்க்கலாம்.

17 வயது முடிந்தவர்கள் வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் 1-ம் தேதிகளில், 18 வயது நிறைவதைப் பொறுத்து பெயர் சேரும். வீட்டில் பிளஸ் 2 படிக்கும் தம்பி, தங்கை இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடலாம்.