கெர்னல் தள்ளிப்போடும் வேலைகள்

கேரள அரசுப் பள்ளிகளின் கணினிக் கூடங்களில் ஓடுவது லினக்ஸ். மாநில அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென்றே தொகுத்துக் கொடுக்கும் இயங்குதளம் அது. வெள்ளறடை, பாறசாலைப் பக்கத்துப் பிள்ளைகள் அதில் டெர்மினலைத் திறந்து, 'புராக்' அடைவுக்குள் இருக்கும் 'இன்டரப்ட்ஸ்' என்ற கோப்பைப் பார்க்கலாம். வரிசை வரிசையாக எண்கள் வரும். இடப்பக்கம் இன்டரப்டின் எண், வலப்பக்கம் சாதனத்தின் பெயர், நடுவே ஒவ்வொரு சிபியு கோருக்கும் ஒரு பத்தி. மவுஸைக் கொஞ்சம் அசைத்துவிட்டு மறுபடி பார்த்தால் ஒரு வரியில் எண் ஏறியிருக்கும். சிபியு செய்துகொண்டிருந்த வேலையை மவுஸ் எத்தனை முறை நிறுத்தியது என்ற கணக்கு அது.

நிறுத்துவது எப்படி? சாதனம் மின்குறி ஒன்றை எழுப்புகிறது. பல சாதனங்களின் குறிகளை வாங்கி, முன்னுரிமை பார்த்து, சிபியுவிடம் சேர்ப்பது இன்டரப்ட் கன்ட்ரோலர் என்ற சில்லுப்பகுதி. சிபியு கையிலிருக்கும் கட்டளையை முடிக்கிறது. திரும்பி வரவேண்டிய முகவரியைக் குறித்துவைக்கிறது. பிறகு இயங்குதளத்தின் மையமான கெர்னலில் அந்த இன்டரப்டுக்கென்று எழுதப்பட்ட நிரலுக்குத் தாவுகிறது. அந்த நிரல் ஓடும் வரை விட்டுவந்த வேலை அப்படியே நிற்கும். அதே சாதனத்தின் அடுத்த குறியும் காத்திருக்கும். அதனால் அங்கே ஆற அமர எதையும் செய்ய முடியாது. வந்த தரவைப் பத்திரப்படுத்து, மீதியைப் பிறகு பார், உடனே திரும்பு என்பதுதான் பழைய விதி.

நல்ல விதிதான். ஆனால் அது ஓரிடத்தில் படுத்துவிட்டது. ஜெஃப்ரி மோகலும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்த கே.கே.ராமகிருஷ்ணனும் 1996-ல் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் அதை அளந்து காட்டினார்கள். இரண்டு ஈதர்நெட் வலைகளுக்கு நடுவே ஒரு கணினியை ரூட்டராக வைத்து, பாக்கெட்டுகளைச் சோதித்து அனுப்பும் நிரல் ஒன்றையும் அதில் ஓடவிட்டார்கள். நொடிக்குச் சுமார் 2,000 பாக்கெட் வரை அது கடத்தியது. வரத்து அதற்கு மேல் ஏற ஏற, கடத்தும் அளவு குறையத் தொடங்கியது. நொடிக்கு 6,000 வாக்கில் வந்தபோது ஒரு பாக்கெட்கூட வெளியே போகவில்லை. அந்தக் காலத்து 10 மெகாபிட் ஈதர்நெட்டில் சிறிய பாக்கெட்டுகள் நொடிக்கு 14,880 வரை வரமுடியும் என்பதை நினைத்தால் 6,000 பெரிய சுமையே அல்ல.

கணினி செத்துப்போகவில்லை. முழுமூச்சாக உழைத்துக்கொண்டுதான் இருந்தது. வரும் பாக்கெட் ஒவ்வொன்றும் இன்டரப்டை எழுப்புகிறது. இன்டரப்டுக்கு மற்ற எல்லாவற்றையும்விட முன்னுரிமை. கெர்னல் பாக்கெட்டை வலை அட்டையிலிருந்து எடுத்து வரிசையில் வைக்கிறது, அதற்குள் அடுத்தது வருகிறது. வரிசையிலிருந்து எடுத்து அனுப்பவேண்டிய நிரலுக்கு முறையே வருவதில்லை. வரிசை நிரம்பியதும், அவ்வளவு பாடுபட்டு உள்ளே எடுத்த பாக்கெட்டைக் கெர்னலே தூக்கி எறிகிறது. என் கணிப்பில், வேகமான சில்லுகள் கற்றுத்தந்ததைவிட இந்த ஒரு சோதனை இயங்குதளம் எழுதுபவர்களுக்கு அதிகம் கற்றுத்தந்தது. வேகமான சில்லு அந்த முட்டுச்சந்தைச் சற்றுத் தள்ளிவைக்கும், அவ்வளவே.

வெள்ளறடைக்காரர்களுக்கு மாற்று வழி தெரிந்ததுதான். ரப்பர் வெட்டுகிறவர் விடியலில் மரங்களை வெட்டிவிட்டு, பால் ஊறும்வரை விட்டு, அப்புறம் ஒரே சுற்றில் சிரட்டைகளிலிருந்து பாலை வாளியில் சேர்க்கிறார். சொட்டுக்கொரு முறை மரம் அவரைக் கூப்பிடுவதில்லை. மோகலும் ராமகிருஷ்ணனும் கெர்னலை இப்படித்தான் மாற்றினார்கள். முதல் பாக்கெட் வந்ததும் இன்டரப்ட் எழும். உடனே அந்த அட்டையின் இன்டரப்டை அணைத்துவிட்டு, கெர்னல் தானே போய் அட்டையைப் பார்க்கும். ஒரு சுற்றுக்கு இத்தனை என்று அளவு வைத்து எடுக்கும், எடுத்ததைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அட்டை காலியானால்தான் இன்டரப்ட் மறுபடி திறக்கும். தாங்கமுடியாத பாக்கெட்டுகள் அட்டையிலேயே விழுந்துபோகும், சிபியுவுக்கு அதில் செலவில்லை. லினக்ஸில் ஜமால் ஹாதி சலீம், ராபர்ட் ஓல்சன், அலெக்ஸி குஸ்னெட்சோவ் மூவரும் இதே வழியில் அமைத்த நாப்பி இன்றும் இருக்கிறது. ஒரு சுற்றில் ஓர் அட்டையிலிருந்து வழக்கமாக 64 பாக்கெட் வரை எடுக்கும்.

இது வலையமைப்புக்கான வைத்தியம். லினக்ஸில் இன்டரப்டைக் கையாளும் பொதுப்பகுதியையே திருத்தி எழுதியது 2006-ல், 2.6.18 பதிப்பில். சில சாதனங்கள் கவனிக்கப்படும்வரை குறியைப் பிடித்துக்கொண்டே நிற்கும், சில ஒரு கணம் காட்டிவிட்டு இறக்கிவிடும். முதல் வகையைக் கையாளும்போது குறியை மூடிவைக்காவிட்டால் அதே இன்டரப்ட் முடிவில்லாமல் எழும். இரண்டாம் வகையில் மூடிவைத்த நேரத்தில் வந்ததைக் குறித்துக்கொள்ளாவிட்டால் அது தொலைந்தே போகும். அதுவரை பல சில்லு வகைகளில் ஒரே பெரிய நிரல்தான் இரண்டையும் சமாளித்தது. தாமஸ் கிளைக்ஸ்னரும் இங்கோ மோல்னாரும் வகைக்கொரு நிரலாகப் பிரித்தார்கள், கன்ட்ரோலரோடு பேசும் பகுதியையும் தனியே எடுத்துவைத்தார்கள். இதனால் புதிதாக ஒரு சில்லு செய்பவர் தன் கன்ட்ரோலர் குறியை மூடுவதும் திறப்பதும் எப்படி என்று மட்டும் எழுதினால் போதும். திருவனந்தபுரத்தில் சி-டாக் உருவாக்கிய வேகா போன்ற ரிஸ்க்-ஃபைவ் சில்லுகளில் லினக்ஸ் ஏற இந்தப் பிரிவினை பெரிய உதவி.

அடுத்த அடியையும் கிளைக்ஸ்னரே வைத்தார். 2009-ல் 2.6.30 பதிப்பில், இன்டரப்ட் வேலையின் பெரும்பகுதியை, கெர்னல் முறைவைத்து ஓடவிடும் சாதாரணத் திரெட்டாக ஓடவிட வழி பிறந்தது. திரெட் ஆகிவிட்டால் அதற்கு முன்னுரிமை குறைக்கலாம், கூட்டலாம், காத்திருக்கச் சொல்லலாம். எந்திரக் கையை இயக்கும் நிரல் குறித்த நேரத்தில் ஓடியாக வேண்டுமென்றால், வட்டு இன்டரப்டைக்கூட அதற்குப் பின்னால் நிறுத்தலாம். இதையே முழுக்கக் கடைப்பிடிக்கும் ரியல்-டைம் கெர்னல், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனி ஒட்டுநிரலாக இருந்து, 2024-ல் 6.12 பதிப்பில் மூலநிரலோடு சேர்ந்தது. விலை இல்லாமல் இல்லை: திரெட்டுகளை எழுப்பி மாற்றி மாற்றி ஓடவிடுவதில் மொத்த வேகம் கொஞ்சம் குறையும். அதனால் மேசைக் கணினிகளில் அதை வழக்கமாக இயக்குவதில்லை. தேவைப்படுபவர்கள் கெர்னலைத் தொகுக்கும்போது தேர்ந்துகொள்கிறார்கள்.