வண்டி சொல்வதைக் கேளுங்கள் – 9: ஒரே ஒரு ‘டக்’

“வண்டி ஸ்டார்ட் ஆகலை” என்று போன் போட்டால், அனுபவமுள்ள மெக்கானிக் உடனே கிளம்பி வர மாட்டார். “செல்ஃப் எடுக்குதா, எடுக்கலையா?” என்று கேட்பார். செல்ஃப் எடுத்து இன்ஜின் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் அது பெட்ரோல், ஸ்பார்க், சென்சார் சம்பந்தப்பட்ட கோளாறு. இன்ஜின் சுற்றவே இல்லை என்றால் அது மின்சாரம் போய்ச் சேரும் வழியில் உள்ள கோளாறு. முதலாவதை அடுத்த வாரம் பார்ப்போம். இந்த வாரம் சுற்றாத இன்ஜின்.

எங்கள் ஊர் நாகப்பட்டினம். உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. இது என் பன்னிரண்டு வயது பெட்ரோல் காரில் நடந்தது. ஒரு நாள் காலை சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. ஹார்ன் அடித்தது, ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். புதிது போட்டேன். நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் மறுபடி ‘டக்’. இந்த முறை செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினார்கள். அதற்கும் பணம் கட்டினேன். ஒரு வாரம் தாங்கியது.

மூன்றாம் முறை வண்டியைத் தள்ளி, இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டு ஸ்டார்ட் பண்ணி, ஒரு பழைய ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொண்டுபோய் அணைத்தேன். அறுபது வயதைத் தாண்டியவர். ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும். எதையும் கழற்றவில்லை. பானெட்டைத் திறந்து வைத்து, “செல்ஃப் அடிங்க தம்பி” என்றார். ‘டக்’. “உள்ள இருக்கிற லைட் மங்குச்சா?” “இல்லை பாய், அப்படியே எரியுது.” “இன்னும் ரெண்டு தடவை அடிங்க.” அடித்தேன். அவர் கிளட்ச் கேபிளைத் தொட்டுவிட்டு என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கதகதவென்று சுட்டது.

இன்ஜின் அப்போது ஓடவே இல்லை. பிறகு கேபிள் எப்படிச் சூடாகும்?

பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் செல்ஃப் மோட்டார் வழியாக இன்ஜின் உடம்புக்கு வந்து, அங்கிருந்து பேட்டரியின் மைனஸ் முனைக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும் வழிதான் எர்த் பட்டை. செம்புக் கம்பியைப் பின்னிய பட்டை அது. கியர்பாக்ஸில் ஒரு போல்ட்டில் முடுக்கியிருக்கும். அந்த வழி கெட்டால் மின்சாரம் வேறு எந்த இரும்பு கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு போகப் பார்க்கும். என் வண்டியில் அதற்குக் கிடைத்தது கிளட்ச் கேபிள். அந்த மெல்லிய கம்பியால் அவ்வளவு மின்சாரத்தைத் தாங்க முடியாது, சூடுதான் மிச்சம்.

பாய் ஒரு தடித்த ஜம்பர் ஒயரை எடுத்தார். ஒரு நுனி பேட்டரி மைனஸில், மறு நுனி இன்ஜினின் வெற்று இரும்பில். “இப்ப அடிங்க.” அரை நொடியில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பட்டையைக் கழற்றிக் காட்டினார். வெளியே பார்க்க ஒழுங்காக இருந்தது; போல்ட்டுக்கு அடியில் பட்டை உட்காரும் இடம் முழுக்கச் செந்துரு.

பளிச்சென்று எரிந்த ஹெட்லைட் என்னைப் போலப் பலரையும் ஏமாற்றியிருக்கும். கணக்கு இதுதான். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் எடுக்கும். செல்ஃப் மோட்டார் 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரி முனையில் பச்சை பூத்து 0.02 ஓம் தடை ஏறிவிட்டது என்று வையுங்கள். ஹெட்லைட்டுக்கு அங்கே 0.2 வோல்ட்தான் நஷ்டம், கண்ணுக்கே தெரியாது. 150 ஆம்பியர் போக வேண்டிய நேரத்தில் அதே இடம் 3 வோல்ட்டை விழுங்கிவிடும். பன்னிரண்டில் மூன்று போனால் செல்ஃப் முனகும், அல்லது நின்றுவிடும். ஆகவே விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் போதாது. செல்ஃப் அடிக்கும்போது அந்த விளக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்.

சுத்தமாக மங்கி, ‘டக்டக்டக்டக்’ என்று சத்தம் வந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி முனை பிடிப்பு இல்லை. மங்காமல் ஒற்றை ‘டக்’ மட்டும் வந்தால் பேட்டரியை விட்டுவிட்டு எர்த், தடித்த கேபிள், செல்ஃப் மோட்டார் பக்கம் போங்கள். சத்தமே இல்லை என்றால் கிளட்ச்சை முழுக்க மிதித்தீர்களா, ஆட்டோமேட்டிக் வண்டி பார்க்கிங்கில் இருக்கிறதா, டாஷ்போர்டில் சாவிப் படம் மினுக்குகிறதா என்று பார்த்துவிட்டு ஃபியூஸ், ரிலே பக்கம் போகலாம்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி டிக்கியில் போட்டு வைக்கச் சொல்வேன். இரவு முழுக்க நின்ற வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது. எர்த்தைச் சோதிக்க ஒரு ப்ரோபை மைனஸ் முனையின் ஈயத் தலையிலும், மற்றதை இன்ஜின் இரும்பிலும் வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட் என்றால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது. அன்று என் வண்டியில் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

சோதிக்கும்போது செல்ஃபை விடாமல் அடிக்காதீர்கள். காரணம் அது பிறந்த கதையிலேயே இருக்கிறது. 1912 மாடல் கேடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வருவதற்கு முன் கார் ஓட்டியவர்கள் ஹேண்டில் போட்டுத்தான் கிளப்பினார்கள். இன்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும். கெட்டரிங் அதற்கு முன் கல்லா இயந்திரத்துக்கு மின்மோட்டார் செய்தவர். சில நொடி மட்டும் மூச்சைப் பிடித்து உழைக்க வேண்டிய மோட்டார் சின்னதாக இருந்தால் போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய செல்ஃபும் அதே கணக்கில் செய்ததுதான். 10 நொடிக்கு மேல் அடித்தால் உள்ளே சுருள் கருகக்கூடும். ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி அடியுங்கள்.

பாய் துருவைச் சுரண்டி, புதுப் பட்டை போட்டு, மேலே கிரீஸ் தடவிக் கொடுத்தார். அந்தப் பட்டை 250 ரூபாய். கழற்றிப்போட்ட பழைய பேட்டரி நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். மூன்று வருடமாக ‘டக்’ சத்தம் இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பேட்டரி மாற்ற வேண்டும், செல்ஃப் மாற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும், முதலில் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

(தொடரும்)