காட்டின் கதை தாத்தாவுக்குத் தெரியும்!

காட்டுக்கும் வரலாறு உண்டா? உண்டு! ராஜா கட்டிய கோட்டைக்கு மட்டுந்தானா வரலாறு?

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை போகும் வழியில் இருக்கிறது சானமாவு காப்புக்காடு. சற்றுத் தொலைவில் ஓசூரின் தொழிற்சாலைகள். காட்டைச் சுற்றிலும் கேழ்வரகு விளையும் கிராமங்கள். கதிர் முற்றும் காலத்தில் கர்நாடகக் காட்டு யானைகள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கமாக இங்கே வந்துவிடும். விருந்தாளி வந்த நாளில் ஊரே தூங்காது!

காடு காப்புக்காடான கதை

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். ஓசூர்ச் சீமை கம்பெனியார் கைக்கு வந்தது. 1882-ல் சென்னை வனச் சட்டம் பிறந்தது. ஒரு காட்டைக் காப்புக்காடாக்க வேண்டுமானால், அதிகாரி முதலில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மாடு மேய்த்தவர், இந்தத் தடத்தில் நடந்தவர், ஓடையில் நீர் எடுத்தவர் மனுக் கொடுக்கலாம். விசாரணை நடக்கும். மனுக் கொடுக்காதவரின் உரிமை போய்விடும்!

அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஒரே காடு, மூன்று மாவட்டம்

பழைய தாள்களைத் தேடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பகுதி 1965 வரை சேலம் மாவட்டம். பிறகு தர்மபுரி. 2004 முதல் கிருஷ்ணகிரி. ஆகவே ஒரே அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தையும் பார்க்கலாம். சேலம் மாவட்டத்தைப் பற்றி லெபானு 1883-லும், ரிச்சர்ட்ஸ் 1918-லும் எழுதிய பெரிய புத்தகங்கள் உண்டு.

ஆனால், எந்தப் பாறைக்கு என்ன பெயர், எந்த மரத்தடியில் பொங்கல் வைத்தார்கள் என்பதையெல்லாம் துரைமார் எழுதியிருப்பார்களா? அது வீட்டுத் திண்ணையில் இருக்கிறது.

பெரியவர் சொல்லும் சான்றுதான்

2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. பழங்குடியினரும், 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாகக் காட்டை நம்பி வாழ்ந்த மற்றவர்களும் உரிமை கேட்கலாம். கிராம சபையில் மனுக் கொடுக்க வேண்டும். சட்டத்தின் விதிகள் ஓர் அருமையான காரியம் செய்தன. மனுதாரர் அல்லாத பெரியவர் ஒருவர் சொல்வதை எழுதி வைத்தால், அதுவும் சான்று! பழைய கிணறு, குளம், சுடுகாடு, சாமி மரம் இவையும் சான்று. ஒன்று மட்டும் போதாது. ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும்.

எண்பது வயதுத் தாத்தா போய்விட்டால் அந்தச் சான்றும் அவரோடு போய்விடும். அவசரம் புரிகிறதல்லவா?

பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளைகளே, ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். மாடு எந்த வழியாகப் போனது? நடுகல் எங்கே நிற்கிறது? யானை எந்தத் தடத்தில் வரும்? கேட்டு எழுதுங்கள். தேதி போடுங்கள். சொன்னவர் பெயரும் வயதும் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள். பாட்டி தெலுங்கிலோ கன்னடத்திலோ ஓர் இடத்தின் பெயரைச் சொன்னால், அதைத் தமிழாக்க வேண்டாம். அவர் சொன்ன பெயரையே எழுதுங்கள்.