மழை பெஞ்சா மக்கர் பண்ணும் பழைய புல்லட்... கோளாறு எங்கே இருக்கிறது? கண்டுபிடிப்பது எப்படி?

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கம் மெக்கானிக் கடைகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு, ராத்திரி மழை பெஞ்சது, காலையில எவ்வளவு உதைச்சும் ஸ்டார்ட் ஆகல என்பதுதான் அது. வண்டி பழைய புல்லட்டாக இருந்தால் அடுத்து நடப்பதும் பெரும்பாலும் ஒரே கதைதான். முதலில் பிளக்கை மாற்றுவார்கள், பிறகு பேட்டரி, அதன் பிறகு காயில். கடைசியில் பார்த்தால் ஏதோ ஒரு எர்த் வயர் துருப்பிடித்து நின்றிருக்கும். காசு போனது போனதுதான்.

பழைய வண்டியின் மின்கோளாறு மர்மம் எதுவும் இல்லை. வரிசையாகச் சோதித்தால் வீட்டு வாசலிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

சென்னையில் தயாரான வண்டி

இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு, மெட்ராஸ் மோட்டார்ஸுடன் 1955-ல் கைகோத்தது. அப்படி உருவானதுதான் என்ஃபீல்டு இந்தியா. திருவொற்றியூர் ஆலையில் புல்லட் தயாரானது. 1970-ல் இங்கிலாந்தில் தயாரிப்பு நின்றுபோன பிறகும் சென்னையில் தொடர்ந்தது. 1994-ல் நிறுவனம் ஐஷர் வசம் சென்றது. 2013-ல் தாம்பரத்துக்கு மேற்கே ஒரகடத்தில் புதிய ஆலை வந்தது.

இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் புல்லட்டின் அடிப்படை மின்அமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவில்லை. 6 வோல்ட் 12 வோல்ட் ஆனது. ஆனால் பாயிண்ட், கண்டென்சர், காயில் என்ற கூட்டணி நீடித்தது. அதனால் ஒரு பழைய புல்லட்டில் கற்றுக்கொண்ட முறை இன்னொன்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கரன்ட் எந்த வழியாகப் போகிறது?

இன்ஜின் சுற்றும்போது ஆல்டர்னேட்டர் மின்சாரம் தயாரிக்கிறது. ரெக்டிஃபயர் அதை நேர்மின்சாரமாக மாற்றிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. பேட்டரியில் இருந்து அம்மீட்டர், சாவி சுவிட்ச் வழியாகக் காயிலுக்கும், அங்கிருந்து பாயிண்டுக்கும் கரன்ட் வருகிறது. பாயிண்ட் திறக்கும் நொடியில் காயிலில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி, பிளக்கில் பொறியாகத் தெறிக்கிறது. திரும்பிப் போக தனி வயர் கிடையாது. வண்டியின் இரும்புச் சட்டமே திரும்பும் பாதை. அதைத்தான் எர்த் என்கிறோம்.

முதல் சாட்சி அம்மீட்டர்

ஹெட்லைட் டூமில் இருக்கும் அந்தச் சின்ன அம்மீட்டரை அலங்காரப் பொருளாக நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் முதல் கருவி அதுதான். லைட்டுகளை அணைத்து, சாவியைப் போட்டு, டிகம்ப்ரசரைப் பிடித்தபடி கிக்கரை மெதுவாக அமுக்குங்கள்.

• முள் மைனஸ் பக்கம் சாய்வதும் நடுவுக்குத் திரும்புவதுமாக இருந்தால், பாயிண்ட் மூடித் திறக்கிறது, காயிலுக்குக் கரன்ட் போகிறது என்று அர்த்தம்.

• முள் அசையவே இல்லை என்றால் கரன்ட் வழியிலேயே நிற்கிறது. பேட்டரி முனை, ஃபியூஸ், சாவி சுவிட்ச், அம்மீட்டரின் பின்பக்க நட்டுகள் என்று வரிசையாகப் பாருங்கள். இவை எல்லாம் சரியென்றால் பாயிண்ட் முனைகளில் அழுக்கோ எண்ணெயோ படிந்திருக்கலாம்.

• முள் மைனஸிலேயே நின்றுவிட்டால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ ஷார்ட் ஆகிறது.

பொறி எப்படி இருக்கிறது?

பிளக்கைக் கழற்றி, கேப்போடு சேர்த்து இன்ஜின் இரும்பில் படும்படி வைத்து உதைத்துப் பாருங்கள். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. பளிச்சென்று நீலப் பொறி வந்தால் இக்னிஷன் பெரும்பாலும் சரி, கார்புரேட்டரைக் கவனிக்கலாம். மஞ்சளாக, சோம்பலாக வந்தால் பாயிண்டைத் திறந்து பாருங்கள். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

பாயிண்டில் பெரிய பொறி, பிளக்கில் சின்னப் பொறி என்றால் கண்டென்சர் மேல் சந்தேகப்படலாம். சூடானதும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் கண்டென்சர், காயில் இரண்டையும் சோதிக்க வேண்டும்.

எர்த் சரியில்லைன்னா என்ன ஆகும்?

ஒரு கணக்கு போட்டால் புரிந்துவிடும். 6 வோல்ட் வண்டியில் 35 வாட் ஹெட்லைட் எரிய கிட்டத்தட்ட 6 ஆம்பியர் தேவை. களிம்பு ஏறிய ஒரு இணைப்பில் 0.2 ஓம் தடை இருந்தால் போதும், ஏறக்குறைய 1 வோல்ட் அங்கேயே வீணாகும். பல்புக்குப் போவது 5 வோல்ட்தான். வெளிச்சமோ கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அதே தடை 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட்டைத்தான் தின்னும். பழைய 6 வோல்ட் வண்டிகளின் லைட் மங்கலாக எரிய இதுவே முக்கியக் காரணம். ராத்திரி ஜிஎஸ்டி சாலையில் லாரிகளுக்கு நடுவே போகிறவருக்கு அந்தப் பாதி வெளிச்சம் உயிர்ப் பிரச்சினை.

தீர்வு எளிது. எர்த் இணைப்பைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போக உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும்.

பேட்டரியா, சார்ஜிங்கா?

முழு சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி, வண்டி ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் காட்டும். 6 வோல்ட் பேட்டரி என்றால் சுமார் 6.3. இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கிப் பார்க்கும்போது 12 வோல்ட் வண்டியில் இது 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் புது பேட்டரி வாங்கிப் பயனில்லை. அதுவும் சில நாளில் இறங்கிவிடும். ஆல்டர்னேட்டர் வயர்களையும் ரெக்டிஃபயரையும் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: பழைய பிரிட்டிஷ் பாணி வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். தெரியாமல் மாற்றிக் கொடுத்தால் ரெக்டிஃபயர் போய்விடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னைப் புறநகர் தண்ணீரில் தத்தளித்தது. வண்டி மூழ்கியிருந்தால் சாவியைத் தொடவே வேண்டாம். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் மாற்றாமல் உதைக்கக் கூடாது. ஹெட்லைட் டூம், சுவிட்சுகள், பாயிண்ட் மூடி ஆகியவற்றைத் திறந்து நன்றாகக் காயவிட வேண்டும்.

ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பேப்பரா?

ஃபியூஸ் போனால் வெள்ளித்தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றி ஓட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஃபியூஸ் போனது ஷார்ட் இருப்பதற்கான அறிகுறி. அதை ஏமாற்றினால் அடுத்து எரிவது வயர். அந்த வயர் போவதோ பெட்ரோல் டேங்குக்கு அடியில்!

ஒரிஜினல் பாகம் ஏன் முக்கியம்?

சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டுக்குப் பிறகு, 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். ஆய்வின்போது லைட், ஹார்ன் வேலை செய்தாக வேண்டும். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருந்தால் 'வின்டேஜ்' பதிவு பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிவான வண்டியைத் தினசரி ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம்.

அதனால் கழற்றிய பழைய காயிலையோ அம்மீட்டரையோ காயலான் கடைக்குப் போடும் முன் ஒருமுறை சோதித்துவிடுங்கள். 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், ஃபீலர் கேஜ், ஒரு துண்டு உப்புத்தாள், இரண்டு முழம் வயர். மழைக்காலத்துக்கு டூல் பாக்ஸில் இவை இருந்தால் போதும். 6 வோல்ட் வண்டி என்றால் டெஸ்ட் லாம்ப்பின் பல்பும் 6 வோல்ட்டாக இருக்கட்டும்.