சக்கரங்களின் மேல் ஒரு வீடு: வெட்டுமுன் எண்ணுவோம்

அண்மைக் காலமாக வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதி இளைஞர் பலரிடத்தில் புதியதொரு ஆவல் தோன்றியிருப்பதைக் காண்கிறோம். பழைய வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்து, குடும்பத்தோடு ஊர் ஊராகச் செல்லவேண்டும் என்பதே அந்த ஆவல். திரைப்பட நடிகர்களுக்கு மட்டுமே உரியது என்று நாம் எண்ணியிருந்த ‘கேரவன்’, இன்று நடுத்தரக் குடும்பங்களின் கனவிலும் இடம்பெற்றுவிட்டது. நல்ல கனவுதான். ஆனால் அக்கனவு நன்மையாக முடிவதும் துன்பமாக முடிவதும், தகட்டில் முதல் வெட்டு விழுமுன் நாம் செய்யும் சிந்தனையைப் பொறுத்தது.

இதை நம் மக்களுக்கு விளக்க நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. காலணித் தொழிற்சாலையின் கட்டிங் பிரிவில் பணிபுரிவோரைக் கேளுங்கள். தோலை விரித்து, தழும்பு எங்கே, துளை எங்கே, எப்பக்கம் இழுத்தால் நீளும் என்று பார்த்த பின்பே கத்தியை எடுப்பார்கள். முதுகுப் பகுதி உறுதியானது; வயிற்றுப் பகுதி தளர்வானது. எதை எங்கே பயன்படுத்துவது என்பதை முன்னரே முடிவு செய்வார்கள். தவறான தையலைப் பிரித்து மீண்டும் தைக்கலாம். வெட்டிய தோலை ஒட்டவைக்க இயலாது. வண்டிக்கும் இதே நியதிதான்.

எதற்காக இந்த வண்டி?

முதற்கேள்வி இதுவே. வேலூருக்குப் பெருமை சேர்த்த மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையாரை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். 1909-ஆம் ஆண்டில் அவருக்கு ஒற்றைச் சிலிண்டர் பீஜோ மோட்டார் வண்டி ஒன்று கிடைத்தது. குடியாத்தம் சாலையில் அதனை ஓட்டிச் சென்று, வழியில் காத்திருந்த ஏழை எளியோருக்கு மரநிழலில் சிகிச்சை அளித்தார். அச்சிறு வண்டிக்குள் மருத்துவமனையையே அடக்க அவர் முயலவில்லை. மருந்தும் கருவிகளும் வண்டியில் வந்தன. கூடமாக மரநிழல் அமைந்தது. நோக்கம் தெளிவாக இருந்தமையால் சிறிய வண்டியே பெரும்பணி ஆற்றியது.

நாமும் அவ்வாறே கேட்டுக்கொள்வோம். எத்தனை பேர் உறங்கவேண்டும்? எத்தனை இரவுகள்? வண்டிக்குள் சமைத்தே ஆகவேண்டுமா, அல்லது வெளியே மரத்தடியில் சமைக்கலாமா? வேளாங்கண்ணிக்கு ஆண்டுக்கொருமுறை சென்றுவரும் குடும்பத்தின் தேவை வேறு. மாதக்கணக்கில் வடநாடு சுற்ற விரும்புவோரின் தேவை வேறு. இவற்றுக்கு விடை எழுதியபின், வீட்டு முற்றத்தில் சுண்ணக்கட்டியால் வண்டியின் தரையை முழு அளவில் வரையுங்கள். படுக்கை இங்கே, பெட்டி அங்கே என்று கோடிடுங்கள். பாட்டியை அதனுள் அமரச் சொல்லுங்கள். தகப்பனாரைப் படுக்கச் சொல்லுங்கள். இரவில் ஒருவர் எழுந்தால் மற்றவர்களை மிதிக்காமல் வெளியேற இயலுமா என்று பாருங்கள். செலவில்லாத இச்சோதனை பிற்காலச் செலவு பலவற்றைத் தடுக்கும்.

எடையைக் கூட்டிப் பாருங்கள்

வண்டியின் பதிவுச் சான்றில் வெறும் வண்டியின் எடையும், சுமையோடு அது தாங்கக்கூடிய மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடே நமக்குக் கிடைக்கும் இருப்பு. 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள எட்டுக்கு நான்கு அடிப் பிளைவுட் பலகை ஒன்று ஏறத்தாழ 30 கிலோ. நான்கு பலகைகள் 120 கிலோ. பேட்டரி ஒன்று சுமார் 30 கிலோ. ஆறு பேர், ஆளுக்கு 60 கிலோ வீதம், 360 கிலோ. ஆக 610 கிலோ ஆகிவிட்டது. மெத்தை, அடுப்பு, பாத்திரம், துணிமணி எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை. கழற்றிய இருக்கைகளின் எடையைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஊகித்துக் கழிக்காமல் நிறுத்துக் கழியுங்கள். ஏலகிரி மலைச் சாலையின் 14 கொண்டைஊசி வளைவுகளில் இறங்கும்போது, மிகையான ஒவ்வொரு கிலோவையும் பிரேக்குகளே தாங்கவேண்டும் என்பதை மறவாதீர்.

மின்சாரமும் காற்றும்

வேலூரின் கோடையை நாம் அறிவோம். தகட்டுக் கூரையின்கீழ் மே மாதத்தில் உறங்குவது எளிதன்று. ஆகவே கூரைக்குள் வெப்பத் தடுப்பும், எதிரெதிரே சன்னல்களும் திட்டத்திலேயே இடம்பெறவேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,200 வாட்-மணி மின்சாரம் அடங்கும். சாதாரண ஈய அமிலப் பேட்டரியானால் அதில் பாதியை மட்டுமே செலவிடுவது நலம். 30 வாட் மின்விசிறிகள் இரண்டு எட்டு மணி நேரம் சுழல 480. 5 வாட் விளக்குகள் நான்கு, நான்கு மணி நேரம் எரிய 80. ஆக 560. ஓரிரவு கழிந்துவிடும். ஆனால் 1,000 வாட் இழுக்கும் குளிர்சாதனம் முக்கால் மணி நேரம்கூட ஓடாது.

இங்கேதான் பலர் ஜெனரேட்டரை நாடுகிறார்கள். இங்கேதான் பேராபத்தும் ஒளிந்திருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு வாயு, வண்டித் தரையிலிருந்த துளை வழியாக உள்ளே புகுந்ததே காரணம் என ஆய்ந்தறிந்தனர். பதனிடும் தோலின் வாடையையும், காலணி ஒட்டும் பசையின் நெடியையும் நொடியில் உணரும் மூக்கு நம்முடையது. ஆனால் இந்த நஞ்சுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவர் விழிப்பதற்குள் உயிர் பிரிந்துவிடுகிறது. ஆகவே மக்கள் உறங்கும் வண்டியோடு இணைத்து ஜெனரேட்டரை வைக்கும் எண்ணத்தை வரைபடத்திலேயே அடித்துவிடுங்கள்.

தீயின் செய்தியும் இதுவே. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா இரயில் பெட்டியில், விதிக்கு மாறாகக் கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையால் மூண்ட தீ 9 உயிர்களைப் பறித்தது. தேநீர் போடுவதுபோன்ற சிறு செயலே போதுமானதாயிற்று. நுரைமெத்தையும் ரெக்சினும் பசையும் நிறைந்த வேனில் தீ பரவ எவ்வளவு நேரம் பிடிக்கும்? சமையல் வெளியே நடக்கட்டும். வெளியேற இரண்டாம் வழி ஒன்று இருக்கட்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சட்டம் சொல்வது என்ன?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கேரவன்களுக்கென ஏ.ஐ.எஸ். 124 என்னும் தனித் தரவிதியும் உண்டு. எனவே வண்டியை வாங்குமுன்னரே, வரைபடத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேளுங்கள். “எல்லோரும் செய்கிறார்களே” என்பது விபத்து நாளன்று விடையாகாது.

இவ்வளவு தடையா என்று இளைஞர்கள் சோர்வடைய வேண்டாம். இருக்கை தைக்கவும், தோல் போர்த்தவும், இழுப்பறை செய்யவும் திறன்மிக்க கைகள் நம் ஊரில் ஏராளம். கைத்திறனுக்கு இங்கே பஞ்சமில்லை. அக்கைகளுக்கு வேலை கொடுக்குமுன் ஒரு குறிப்பேட்டை எடுங்கள். நோக்கம், அளவு, எடை, மின்சாரம், காற்று, அனுமதி என ஆறு பக்கங்கள் ஒதுக்குங்கள். ஆறும் நிரம்பும்வரை துளைக்கும் கருவியைத் தொடாதீர்கள். ஒரு மாதம் தாமதமாகட்டும், அதனால் இழப்பொன்றுமில்லை. பயணம் புறப்பட்ட அத்தனை பேரும் நலமாக வீடு திரும்புவதே எந்த வண்டிக்கும் முதற் சிறப்பு அன்றோ!