விதையும் மண்ணும்: பெருங்குடல் புற்றுநோயை வகுப்பறையில் விளக்குதல்

பத்தாம் வகுப்பு அறிவியலில் புற்றுநோய் பற்றிப் படிக்கும் மாணவர்கள், ‘செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே புற்றுநோய்’ என்று எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறார்கள். செம்மங்குப்பம் பகுதிப் பிள்ளைகள் பயிலும் என் வகுப்பில் ஒரு மாணவி அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்டாள். “எங்க தெருவுல ரெண்டு பேருக்குக் குடல்ல ஒரே மாதிரி கட்டின்னு ஆபரேஷன் பண்ணாங்க டீச்சர். ஒருத்தர் வயல் வேலைக்கே போறாரு. இன்னொருத்தருக்கு மறு வருஷமே திரும்ப வந்துடுச்சு. ஏன் டீச்சர்?” பின்வரிசையிலிருந்து, “அது தலையெழுத்து” என்றது ஒரு குரல். அறிவியல் ஆசிரியர் அந்தப் பதிலை அப்படியே விட்டுவிடக் கூடாது. கட்டி எந்த நிலையில் கண்டறியப்பட்டது, என்ன சிகிச்சை தரப்பட்டது என்பவற்றோடு, கட்டியின் சுற்றுப்புறமும் நோயின் போக்கைத் தீர்மானிக்கிறது.

இக்கருத்துக்கு நூற்றாண்டு கடந்த வரலாறு உண்டு. லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் உடற்கூறாய்வுக் குறிப்புகளை ஆராய்ந்து, 1889இல் ஒரு கருத்தை முன்வைத்தார். புற்றுச்செல் விதை போன்றது. அது எங்கும் பரவினாலும் தனக்கேற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பதே அது.

பெருங்குடலில் அந்த மண் எது? குடலின் உட்சுவரில் பாலிப் எனப்படும் சிறு முளையாகத் தொடங்குவது, புற்றாக மாறப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தால் புற்றுச்செல்கள் மட்டும் இருக்காது. ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், இரத்த நாளங்கள், மேக்ரோஃபேஜ்கள், டி செல்கள் ஆகியனவும் இருக்கும். இச்சுற்றுப்புறத்தையே கட்டியின் நுண்சூழல் என்கிறோம். காயத்தை ஆற்ற உதவும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைப் புற்றுச்செல்கள் தம் பக்கம் திருப்பிக்கொள்கின்றன. அவை சுரக்கும் கொல்லாஜன் இழைகள் வேலிபோல் நின்று, டி செல்கள் உள்ளே வராமல் தடுக்கின்றன. இத்தகைய நார்த்திசு மிகுந்த கட்டிகள் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். வாயில் வாழும் ஃபியூசோபாக்டீரியம் என்ற பாக்டீரியா பெருங்குடல் கட்டிகளில் மிகுந்திருப்பதும் 2012இல் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது.

பாரிஸைச் சேர்ந்த ஜெரோம் காலோன் குழுவினர், கட்டியின் நடுவிலும் ஓரத்திலும் உள்ள டி செல்களை எண்ணி 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். டி செல்கள் செறிந்திருந்த நோயாளிகளுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. இந்த எண்ணிக்கையை ‘இம்யூனோஸ்கோர்’ என்ற மதிப்பீடாக வகுத்தனர். 13 நாடுகளில் 2,500க்கும் மேற்பட்ட நோயாளிகளின் திசுக்களைக் கொண்டு அதைச் சோதித்த முடிவு 2018இல் வெளிவந்தது. அகமதாபாத்தில் உள்ள குஜராத் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கேற்றது. ஒரே நிலையிலுள்ள இருவருக்கு வெவ்வேறு முடிவு ஏற்படுவதற்கான காரணங்களுள் ஒன்று இவ்வாறு எண்ணிக் காட்டப்பட்டது.

சிகிச்சையிலும் இதன் பயன் தெரிகிறது. பெருங்குடல் புற்றுகளில் சுமார் 15 விழுக்காட்டில் டி.என்.ஏ. பிழைதிருத்தும் அமைப்பு பழுதுபட்டிருக்கும். பிழைகள் மிகுவதால் அச்செல்களை டி செல்கள் எளிதில் அடையாளம் காண்கின்றன. புற்றுச்செல்கள் டி செல்களுக்குப் போடும் தடையை நீக்கும் மருந்துகள் இவ்வகைக் கட்டிகளில் நன்கு செயல்படுகின்றன. இம்மருந்துகளுக்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்காக ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோன்ஜோ இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர்.

வகுப்பறையில் இதை விளக்க மூன்று தொட்டிகள் போதும். மூன்றிலும் கோரைக்கிழங்கை ஊன்றச் சொல்லுங்கள். முதல் தொட்டியில் வறண்ட கடற்கரை மணல். இரண்டாவதில் எருவிட்ட செம்மண். மூன்றாவதிலும் எருவிட்ட செம்மண்தான், ஆனால் முளைப்பதை ஒரு மாணவர் நாள்தோறும் கிள்ளிவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஒப்பிடச் செய்யுங்கள். கிள்ளும் கைதான் டி செல். ஓர் எச்சரிக்கையும் தேவை: கோரை தன் மண்ணைத் தானே பெரிதாக மாற்றிக்கொள்வதில்லை, புற்றுச்செல் மாற்றிக்கொள்ளும். உவமையின் எல்லையையும் மாணவர்களே சொல்லும்படி கேளுங்கள்.

பாடம் வீட்டுக்கும் போக வேண்டும். மலத்தில் இரத்தம் வந்தால் ‘மூலம்தான்’ என்று கைவைத்தியத்தோடு மாதக்கணக்கில் காத்திருப்பது நம் ஊர்களில் வழக்கம். மலம் கழிக்கும் பழக்கம் வாரக்கணக்கில் மாறியிருத்தல், காரணமற்ற இரத்தசோகை, எடை குறைதல் ஆகியவையும் அறிகுறிகளே. பாலிப்பாக இருக்கும்போதே கண்டறிந்தால் கொலோனோஸ்கோப்பி மூலம் அகற்றிவிடலாம். மண் பண்படுவதற்கு முன்பே முளை போய்விடும். நம் மாவட்டத்தார் சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ செல்லலாம். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.