முப்பதைத் தாண்டி நர்சிங்: எந்த மாவு, எத்தனை ஈடு?

ஸ்ரீரங்கத்தில் வீடு, சிங்காரத்தோப்பு ஜவுளிக்கடையில் பில்லிங் வேலை, பி.காம். படிப்பு, வயது 33, பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை. இப்படிப்பட்ட ஒருவர் "நர்சிங் படிக்கலாமா?" என்று கேட்டால் திருச்சியில் பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆறே மாதம் என்பார் ஒருவர். நான்கு வருடம் என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் பொய்யில்லை. ஒருவர் பேசுவது அடை மாவைப் பற்றி, மற்றவர் பேசுவது இட்லி மாவைப் பற்றி.

அடைக்கு அரிசியும் பருப்புகளும் ஊறினால் போதும். மிளகாயோடு கொரகொரவென்று அரைத்த கையோடு கல்லில் வார்த்துவிடலாம். இட்லிக்கு ஊற வேண்டும், அரைக்க வேண்டும், புளிக்க வேண்டும், பிறகு வேக வேண்டும். ஒன்று முடியாமல் அடுத்ததற்குப் போக வழியில்லை. அடை மாவை எத்தனை நாள் மூடி வைத்தாலும் அது இட்லி மாவாகாது. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்.

ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், ஹோம் ஹெல்த் எய்டு போன்ற குறுகிய காலப் பயிற்சிகள் அடை ரகம். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிவறைக்கு அழைத்துப் போவது எல்லாம் அதில் வரும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முதியவர்கள் மட்டும் இருக்கிற வீடுகள் ஸ்ரீரங்கத்தில் குறைவில்லை. இந்த வேலைக்குத் தேவை இருக்கிறது, மரியாதையும் இருக்க வேண்டும். அடை மட்டமான பலகாரம் என்று யார் சொன்னது? ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு நர்ஸ் ஆக முடியாது. பிறகு சேர்கிற நர்சிங் படிப்பில் ஒரு நாள்கூட அதற்காகக் கழியாது. வெள்ளைச் சீருடையும் 'நர்சிங்' என்ற பெயரும் கொண்ட பயிற்சியில் சேருமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை முடித்தால் தமிழ்நாடு நர்சஸ் அண்டு மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா? 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் அந்தக் கவுன்சிலில் பதிவு செய்யாதவர், ஊசி போடத் தெரிந்தவராக இருந்தாலும் நர்ஸ் இல்லை.

இட்லி மாவுக்கு வருவோம். முதலில் ஊறுதல். இங்கே அது பிளஸ் டூ. பி.காம். பட்டமும் பத்து வருட வேலையும் இந்தப் பாத்திரத்தில் விழாது. நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங்குக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து 45 சதவீதம் வேண்டும், ஆங்கிலத்திலும் தேறியிருக்க வேண்டும். ஜி.என்.எம். என்கிற மூன்று வருட டிப்ளமாவுக்கு எந்த குரூப்பும் சரி. மொத்தத்திலும் ஆங்கிலத்திலும் 40 சதவீதம் இருந்தால் போதும். வணிகவியல் குரூப்காரர் பி.எஸ்சி.தான் வேண்டும் என்றால் அறிவியல் பாடங்களோடு பிளஸ் டூவை மறுபடி எழுத வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதினாலும் இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி ஏற்கிறது. ஆனால் அந்தக் காலமும் வயதுக் கணக்கில் சேரும். பி.எஸ்சி., ஜி.என்.எம்., இரண்டு வருட ஏ.என்.எம். மூன்றுக்கும் கவுன்சிலின் மேல்வயது வரம்பு 35. அரசு இடங்களுக்கு அந்தந்த ஆண்டு பிராஸ்பெக்டஸில் போட்டிருக்கிற வயதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரைப்பது வகுப்பறை. அதில் சொல்ல அதிகமில்லை. உடற்கூறியலும் மருந்தியலும் முப்பதுக்கு மேல் மனப்பாடம் ஆவது கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான்.

புளிப்பதுதான் நேரம் பிடிக்கிற வேலை. வார்டு, பிரசவ அறை, அறுவை அரங்கு, மனநலப் பிரிவு, கிராம சுகாதாரம் என்று மாற்றி மாற்றிப் போஸ்டிங். ஜி.என்.எம்.மில் கடைசி ஆறு மாதமும் பி.எஸ்சி.யில் எட்டாம் செமஸ்டரும் இன்டர்ன்ஷிப். மாமியாரின் படுக்கைப் புண்ணை இரண்டு வருடம் துடைத்து ஆற்றிய கைக்குப் பதினெட்டு வயதுக் கைக்குத் தெரியாதது தெரியும். ஆனாலும் மணிக்கணக்கு இருவருக்கும் ஒன்றுதான். திருச்சி வெயிலில் மாவு சீக்கிரம் புளித்துவிடும், போஸ்டிங் அப்படிப் புளிக்காது. கடைசியாக வேகவைப்பது கவுன்சில் பதிவு. ஆர்.என்.ஆர்.எம். என்று பெயருக்குப் பின்னால் போடுகிற நான்கு எழுத்து அங்கேதான் கிடைக்கிறது. டிப்ளமாக்காரருக்கும் பட்டதாரிக்கும் அதே நான்கு எழுத்துதான்.

முன்பே ஒரு பட்டம் வைத்திருப்பவரை உலகம் முழுவதும் இப்படி நடத்துவதில்லை. ஆஸ்திரேலியாவில் வேறு துறைப் பட்டதாரிகள் இரண்டு வருட முதுநிலைப் படிப்பு வழியாகவே நர்ஸாகலாம். அமெரிக்காவில் ஒன்று, ஒன்றரை வருடத்தில் முடிகிற விரைவுப் பட்டப்படிப்பு இருக்கிறது. நம் ஊரில் அந்த வாசல் இல்லை. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த இந்திய நர்சிங் கவுன்சிலுக்குப் பதிலாக ஓர் ஆணையம் அமைக்க 2023-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது; அந்த ஆணையமாவது இந்த வாசலைத் திறக்க வேண்டும் என்பது என் ஆசை. வாழ்க்கையைப் பார்த்துவிட்டு வருகிறவர்களை வார்டு வேண்டாம் என்று சொல்லாது.

சரி, அந்த 33 வயதுக்காரர் எதை எடுப்பது? என் ஓட்டு ஜி.என்.எம்.முக்கு. இட்லி வார்த்த மாவிலேயே மறுநாள் தோசை வார்க்கலாம் இல்லையா? மூன்று வருடம் முடித்துப் பதிவு செய்து சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு, இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கலாம். பணியில் இருக்கும் நர்ஸ்களுக்கு இக்னோவிலும் அந்தப் பட்டம் உண்டு, அங்கே மூன்று வருடம். மொத்தக் கணக்கில் நேரடி பி.எஸ்சி.யைவிட நீளம்தான். ஆனால் வருமானம் இல்லாத காலம் ஒரு வருடம் குறையும், அறிவியல் பிளஸ் டூவும் தேவையில்லை. பதினொன்றில் அறிவியல் குரூப் எடுத்தவராக இருந்து, வீட்டில் இன்னொரு சம்பளமும் இருந்தால் நேரடி பி.எஸ்சி. நல்லது.

வயது 35-ஐ நெருங்கும் பெண்களுக்கு ஒரு பக்கவழி உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. ஏ.என்.எம். பெண்களுக்கான படிப்பு, அதற்கும் கவுன்சில் பதிவு உண்டு. அப்படிப் பதிவு பெற்றவர் பிறகு ஜி.என்.எம். சேர கவுன்சில் விதியில் வயது வரம்பே இல்லை. இதற்கு மாவுக் கணக்கில் ஜோடி தேடினேன், சிக்கவில்லை.

வேலை வாய்ப்பில் ஒன்றைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வில் பொதுப் பிரிவுக்கு மேல்வயது 30. இட ஒதுக்கீட்டுச் சலுகை சில வருடங்கள்தான். 36, 37-இல் படிப்பை முடிப்பவர் அந்தக் கதவை எண்ணிப் பணம் கட்டக் கூடாது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் டிப்ளமாவையும் பட்டத்தையும் சமமாக ஏற்கிறது. திருச்சியின் தனியார் மருத்துவமனைகள் இருக்கவே இருக்கின்றன.

கல்லூரி பார்க்கப் போகிறவர் கட்டடத்தைப் பார்ப்பதைவிட அதன் மருத்துவமனையைப் பார்ப்பது மேல். நர்சிங் கல்லூரிக்கு நூறு படுக்கை கொண்ட தாய் மருத்துவமனை வேண்டும் என்பது விதி. எந்த வார்டில் போஸ்டிங், அங்கே படுக்கைகள் நிரம்பியிருக்கின்றனவா என்று சீனியர் மாணவிகளிடம் கேட்டால் உண்மை வரும். கல்விக் கட்டணத்தோடு பஸ், சீருடை, ஹாஸ்டல், போஸ்டிங் செலவு எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையை எழுதி வாங்க வேண்டும். ஹாஸ்டல் கட்டாயமா என்பது குழந்தை இருப்பவருக்கு முதல் கேள்வி. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் நிலையம் வந்து, அங்கிருந்து வேறு பஸ் மாறி, காலை ஏழு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும் என்றால் ஸ்ரீரங்கத்து வீட்டில் ஐந்து மணிக்கே குக்கர் ஏற வேண்டும். நைட் போஸ்டிங் வாரங்களில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வீட்டில் யார் என்பதை முன்பே பேசி வைப்பது நல்லது.

பதினைந்து வருடத்துக்கு முந்தைய பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் டி.சி.யும் அலமாரியில் இருக்கின்றனவா என்று இன்றே தேடலாம். மதிப்பெண் பட்டியல் தொலைந்திருந்தால் நகல் தருவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். அது கைக்கு வர நாளாகும் என்பதால், விண்ணப்பம் தொடங்கும்வரை காத்திருக்காமல் இப்போதே எழுதிப் போட்டுவிட வேண்டும்.